யாருடைய பத்தாயிரம் கிலோமீட்டர்?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் இரவு லோடு ஏற்றிக்கொண்டு, பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு விடியுமுன் போய்ச் சேரும் பிக்கப் ஒன்று. அதே மாடலில், அதே வாரத்தில் டெலிவரி எடுத்த இன்னொரு பிக்கப் திருப்பூரில் ஓடுகிறது. நிட்டிங்கில் துணி ரோல் ஏற்றிச் சாயப்பட்டறை, அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு பிரிண்டிங், கட்டிங் என்று அதற்கு நாள் முழுக்கச் சின்னச் சின்ன நடைகள். இடையில் டிராஃபிக், கேட் பாஸுக்குக் காத்திருப்பு, இறக்க ஆள் வரும்வரை ஸ்டார்ட்டிங்கிலேயே நிற்பது. இரண்டு வண்டிகளின் கண்ணாடியிலும் ஒரே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கடைசியாக ஆயில் மாற்றிய கிலோமீட்டர், அதற்குக் கீழே அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவில் 10,000.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாலக்காடு வண்டி நிற்பது நகர்வது எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரியாக 40 கிலோமீட்டர் போகிறது என்று வைத்தால், 10,000 கிலோமீட்டருக்கு அதன் இன்ஜின் 250 மணி நேரம் ஓடியிருக்கும். திருப்பூர் வண்டியின் சராசரி 15 கிலோமீட்டர் என்றால், அதே 10,000-க்கு 666 மணி நேரம். ஓடோமீட்டரில் இரண்டும் ஒன்று. சம்பில் கிடக்கும் ஆயிலைப் பொறுத்தவரை ஒன்றின் வேலை மற்றதைவிட இரண்டரை மடங்குக்கு மேல்.

தமிழ்நாட்டின் சின்ன லோடு வண்டிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. 2005-ல் டாடா ஏஸ் வந்து, ஊருக்கு ஊர் ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கியது. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. பொலேரோ பிக்கப் அதற்கும் முன்பிருந்தே கிராமச் சாலைகளில் ஓடுகிறது. இவற்றை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே வண்டிக்காரர்கள். அவரே ஓனர், அவரே டிரைவர். மாதா மாதம் டியூ கட்ட வேண்டும். டீசல் விலையும் டயர் விலையும் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஆயில் விஷயத்தில் மட்டும் யாரோ சொன்ன ஓர் எண்ணை, யாரோ ஊற்றிய ஒரு டப்பாவை நம்பி ஓட்டுகிறார். வண்டி முழுவதிலும் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய சேதத்தைத் தடுக்கக்கூடிய இடம் இதுதான் என்பதால், இதை விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

கறுப்பு ஒரு குற்றமல்ல

புது ஆயில் ஊற்றி ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது. குச்சியை எடுத்துப் பார்த்தால் மை மாதிரி கறுத்திருக்கும். “ஆயில் செத்துப்போச்சு” என்று அங்கேயே தீர்ப்பு வந்துவிடும். டீசல் இன்ஜினில் இது தவறான தீர்ப்பு.

டீசல் எரியும்போது கரித்தூள் உண்டாகிறது. அதில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே சம்புக்கு வருகிறது. அந்தத் தூள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகாமல், பிரித்துப் பிரித்துத் தன்னுள் மிதக்கவிடுவதற்கென்றே ஆயிலில் மருந்துகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அழுக்குத் துணியை அலசிய தண்ணீர் கறுத்தால் சோப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம், இங்கும் அப்படித்தான். ஆயில் கறுக்கவே இல்லை, ஆனால் இன்ஜினுக்குள் கரி படிகிறது என்றால் அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

விரலில் தொட்டுத் தேய்த்து ‘தண்ணியாயிடுச்சு’, ‘இன்னும் கெட்டியா இருக்கு’ என்று சொல்வதும் நம்பத் தகுந்ததல்ல. கரித்தூள் சேரச் சேர ஆயில் தடிக்கும். எரியாத டீசல் கலக்கக் கலக்க ஆயில் நீர்க்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் விரலுக்குப் புது ஆயில் போலவே படும். உள்ளேயோ இரு பக்கமும் கெட்டிருக்கும். இதைச் சரியாகச் சொல்ல ஆய்வகம்தான் வேண்டும். அங்கே ஆயிலில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு மண்துகள், எவ்வளவு கரி, எவ்வளவு டீசல், அமிலத்தை முறிக்கும் சக்தி எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். நூற்றுக்கணக்கில் வண்டி வைத்திருக்கும் போக்குவரத்து நிறுவனங்கள் இதைச் செய்யலாம். ஒரே வண்டிக்காரருக்கு வேறு வழி வேண்டும். அந்த வழி அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கரியைவிட எனக்கு அதிகக் கவலை தருவது டீசல் கலப்பு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, பல டீசல் பிக்கப்களின் புகைக் குழாயில் கரித்தூளைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் வந்துவிட்டது. அது நிறைந்ததும் பிடித்த கரியை எரித்துச் சுத்தப்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி சூடு தேவை. அந்தச் சூட்டை உண்டாக்க, பெரும்பாலான சிறிய இன்ஜின்களில் வெடிப்பு முடிந்த பிறகும் கொஞ்சம் டீசல் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அது புகையோடு வெளியே போய் ஃபில்டரைச் சூடாக்க வேண்டும். ஆனால் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் படிந்து, வழிந்து, கீழே ஆயிலோடு சேர்ந்துவிடுகிறது. பெட்ரோலாக இருந்தால் இன்ஜின் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிப் போயிருக்கும். டீசல் அவ்வளவு எளிதில் போகாது, தங்கிவிடும்.

பைபாஸில் சீராக ஓடும் வண்டிக்கு இதில் பெரிய தொல்லை இல்லை. ஃபில்டர் சூடாகும், எரிக்கும், வேலை முடியும். திருப்பூரிலோ சவுகார்பேட்டையிலோ ஓடும் வண்டி பாதி எரிக்கும்போதே வந்து சேர்ந்துவிடும். சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார்கள். அடுத்த நடையில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், மறுபடி பாதியில் நிற்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் கீழே இறங்கும். குச்சியில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக, ஏறும். “என் வண்டி ஆயிலே குடிக்கிறதில்லை” என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பி.எஸ்.6 டீசல் வண்டியில் அளவு மேல் கோட்டைத் தாண்டினால், கிலோமீட்டர் எதுவானாலும் அந்த ஆயிலை மாற்றிவிட வேண்டும். பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு இடைவெளிதான். அங்கே உலோகமும் உலோகமும் தொடாமல் தாங்கி நிற்பது ஆயில் படலம். டீசல் கலந்த ஆயிலால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. டேஷ்போர்டில் டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் அன்றைக்கே பைபாஸ் பக்கம் கொண்டுபோய், கையேடு சொல்லும் வேகத்தில், விளக்கு அணையும்வரை ஓட்டிவிட்டு வருவது செலவு அல்ல.

5,000 எங்கிருந்து வந்தது

பழைய மெக்கானிக்குகள் 5,000-க்கு ஒரு தடவை ஆயில் மாற்றச் சொன்னால் அதைப் பழக்கதோஷம் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் கற்றுக்கொண்ட காலத்து டீசல் வேறு. 2000-ம் ஆண்டில் இந்திய டீசலில் பத்து லட்சத்தில் 2,500 பங்குவரை கந்தகம் இருக்கலாம் என்பது விதி. அதற்கு முன் இன்னும் அதிகம். கந்தகம் எரிந்தால் அமிலம். அந்த அமிலம் ஆயிலில் கலந்து பேரிங்கையும் லைனரையும் அரிக்கும். அதை முறிக்கத்தான் ஆயிலில் காரத்தன்மை கொண்ட மருந்துகள் சேர்த்தார்கள். ஆயிலின் தொழில்நுட்பத் தாளில் டி.பி.என். என்று இருக்கும் எண் அந்தக் காரத்தின் அளவு. அது சீக்கிரம் தீர்ந்துபோனது. எனவே சீக்கிரம் மாற்ற வேண்டியிருந்தது.

பி.எஸ்.3-ல் கந்தகம் 350 ஆனது. 2017-ல் நாடு முழுக்க பி.எஸ்.4 வந்தபோது 50. 2020 முதல் 10. இருபது ஆண்டுகளில் 250-ல் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. அமிலம் என்ற பழைய எதிரி ஏறக்குறைய போய்விட்டான். அதனால்தான் இன்று 20,000 கிலோமீட்டர்வரை ஆயில் மாற்ற வேண்டாம் என்று சொல்லி விற்கப்படும் பிக்கப்களும் இருக்கின்றன. அந்தக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் போனவன் இடத்தில் இருவர் வந்துவிட்டார்கள். புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் இ.ஜி.ஆர். அமைப்பால் கரித்தூள் கூடியது, டி.பி.எஃப்-ஆல் டீசல் கலப்பு வந்தது. இவை இரண்டும் தூரத்தை வைத்து வருவதைவிட, வண்டி ஓடும் விதத்தை வைத்தே அதிகம் வருகின்றன. 20,000 என்பது நல்ல சாலை, அளவான லோடு, நீளமான ஓட்டம் இருக்கும் வண்டிக்கு உச்ச வரம்பு. அதையே எல்லோருக்கும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதில்தான் இன்ஜின்கள் கெடுகின்றன.

டப்பாவின் பின்பக்கம்

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் பிராண்ட், லாரி படம், புலியோ சிங்கமோ. வாங்குகிறவர் படிக்க வேண்டியது பின்பக்கம்.

முதலில் தடிப்பு எண். 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 போன்றவை எஸ்.ஏ.இ. அளவுகள். முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு. பின் எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதற்கு. 15டபிள்யூ என்றால் உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் இன்ஜினைச் சுழற்ற முடிகிறதா என்று சோதித்திருக்கிறார்கள். ஊட்டியில் உறைபனி கொட்டும் ஜனவரியிலும் நமக்கு அந்தக் குளிர் இல்லை. எனவே 15டபிள்யூ-40 கேட்கும் வண்டிக்குத் தமிழ்நாடு முழுவதும் அதுவே போதும்.

‘கெட்டி ஆயில் நல்ல ஆயில்’ என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக ஊறியிருக்கிறது. 5டபிள்யூ-30 கேட்கும் புது இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றுவது இந்த நம்பிக்கையால் நடக்கும் பெரிய தவறு. காலையில் முதல் ஸ்டார்ட்டில், டர்போ பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரும்வரை அது வறண்டு சுழல்கிறது. டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியது. அந்தச் சில நொடிகளில் இளகிய ஆயில் முந்திப் போய்ச் சேரும்; தடித்தது பிந்தும். ஓடித் தேய்ந்து ஆயில் குடிக்கிற பழைய இன்ஜினுக்கு ஒரு படி தடித்ததை ஊற்றிக் கொஞ்ச காலம் தள்ளுவது வேறு கதை. அது வைத்தியமில்லை, தள்ளிப்போடல்.

அடுத்தது தரம். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. கொடுக்கும் குறியீடு. டீசலுக்கு ‘சி’ என்று தொடங்கும். அடுத்த எழுத்து அகர வரிசையில் முன்னே போகப் போகத் தரம் புதிது. சி.எஃப்.-4 1990-களைச் சேர்ந்தது. அந்தத் தரத்தை ஏ.பி.ஐ. எப்போதோ ஒதுக்கிவிட்டது, ஆனால் நம் கடைகளில் இன்னும் கிடைக்கிறது, விலையும் குறைவு. சி.ஹெச்.-4 1998. சி.ஐ.-4 2002. சி.ஜே.-4 2006. சி.கே.-4 2016 டிசம்பரில் வந்தது. டர்போ, காமன் ரயில், இ.ஜி.ஆர். உள்ள வண்டியில் லிட்டருக்கு ஐம்பது நூறு மிச்சம் பிடிக்க சி.எஃப்.-4 ஊற்றுவதை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆயிலில் போடும் மருந்துகளில் கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் உண்டு. ஆயிலில் கொஞ்சம் எப்போதும் எரியத்தான் செய்யும். எரிந்தால் இந்த உலோகங்கள் சாம்பலாகும். டி.பி.எஃப்-ல் சிக்கும் கரியை எரிக்கலாம். சாம்பலை எரிக்க முடியாது. அது சேர்ந்துகொண்டே போகும். அதனால் சி.ஜே.-4, சி.கே.-4 ஆயில்களில் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். ஐரோப்பியத் தரமான ஏ.சி.இ.ஏ. சி3-ல் அது 0.8 சதவீதம். சி.ஐ.-4 பிளஸ் நல்ல ஆயில்தான். பி.எஸ்.3, பி.எஸ்.4 வண்டிகளுக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாம். டி.பி.எஃப். உள்ள வண்டியில் ஊற்றினால் ஃபில்டர் காலத்துக்கு முன்பே அடைத்துக்கொள்ளும். கடையில் “பத்து வருஷமா எல்லா வண்டிக்கும் இதைத்தான் ஊத்துறோம்” என்று சொன்னால், அந்தப் பத்து வருஷத்துக்குள் வண்டி மாறிவிட்டது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

புதிய தரம் எப்போதும் மேல் என்றுகூடக் கண்ணை மூடி நம்ப முடியாது. சி.கே.-4 வெளிவந்த சமயத்தில் ஃபோர்டு நிறுவனம் தன் பவர் ஸ்ட்ரோக் டீசல் பிக்கப்களுக்கு அந்தக் குறியீடு மட்டும் போதாது என்று அறிவித்தது. சில சி.கே.-4 ஆயில்களில் தேய்மானத்தைத் தடுக்கும் பாஸ்பரஸ் குறைவாக இருந்ததே காரணம். தன் சொந்த விவரக்குறிப்பு எண்ணைப் பார்த்து வாங்கச் சொன்னது. உலகத்தில் மிக அதிகமாக டீசல் பிக்கப் ஓட்டும் நாடுகளில் ஒன்றான அமெரிக்காவிலேயே இப்படி. எனவே பொதுவான குறியீட்டுக்கும் மேலே ஒரு சொல் உண்டு: உங்கள் வண்டியின் கையேட்டில் ஆயில் பக்கத்தில் இருக்கும் அந்த வரி. அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதே வரி டப்பாவின் பின்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எந்த பிராண்ட் என்பது அதற்குப் பிறகுதான். அதே தரச் சான்று பெற்ற இரண்டு பிராண்டுகளுக்குள் சண்டை போட நம் இன்ஜினுக்கு எந்த அவசியமும் இல்லை. சென்னை மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் இருக்கிறது, ஆயிலுக்கான மருந்துகளைத் தயாரிக்கும் ஆலையும் இருக்கிறது. வெளிநாட்டுப் பெயர் என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மாதம் ஐந்நூறு ரூபாய்

இப்போது பணம். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ஒரு கணக்குக்காக, ஆறு லிட்டர் பிடிக்கும் வண்டி, ஆயில் லிட்டர் 400 ரூபாய், ஃபில்டர் 400, கூலி 200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை மாற்ற 3,000 ரூபாய். உங்கள் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்; முடிவு அதிகம் மாறாது.

திருப்பூர் வண்டி ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுக்கிறது, டீசல் 92 ரூபாய். ஆண்டுக்கு டீசல் மட்டும் மூன்று லட்சத்து ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். 10,000-க்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் ஆண்டுக்கு மூன்று தடவை, 9,000 ரூபாய். அதை 6,000-க்கு ஒரு தடவையாக்கினால் ஐந்து தடவை, 15,000 ரூபாய். வித்தியாசம் ஆண்டுக்கு 6,000. மாதம் 500. கிலோமீட்டருக்கு 20 காசு. அதே கிலோமீட்டருக்கு டீசல் பத்து ரூபாய்க்கு மேல் எரிகிறது.

அந்த ஐந்நூறைச் சேமித்து, டர்போ போனாலோ இன்ஜின் சீஸ் ஆனாலோ என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பாகம், லேத் வேலை, கூலி எல்லாம் ஒரு பக்கம். வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை இல்லை, டியூ மட்டும் நிற்காது. நிரந்தரமாக லோடு கொடுக்கிற கம்பெனி அந்த நாட்களில் வேறு வண்டி பிடித்துக்கொள்ளும். ஒரே வண்டிக்காரரின் உண்மையான நஷ்டம் அங்கேதான்.

சிந்தெட்டிக் ஆயில் போடலாமா? லிட்டர் 800 என்றால் ஒரு தடவைக்கு 5,400 ரூபாய். சாதாரண ஆயிலை 10,000-க்கு மாற்றும் செலவோடு ஒத்துப்போக வேண்டுமானால் இதை 18,000 ஓட்ட வேண்டும். கையேடே சிந்தெட்டிக் கேட்டால் பேச்சே இல்லை, அதைத்தான் ஊற்ற வேண்டும். கேட்காத வண்டியில்? சிந்தெட்டிக் சூட்டை நன்றாகத் தாங்கும், சீக்கிரம் கெட்டியாகாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் லோடோடு ஏறுகிற வண்டி, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு போகிற வண்டி, இவற்றுக்கு அந்தக் குணம் உண்மையாகவே உதவும். நகரத்துக்குள் நின்று நின்று ஓடும் வண்டியின் தொல்லை சூடல்ல. கரியும் டீசல் கலப்பும். அவை சிந்தெட்டிக் என்று பார்த்து விலகிப் போகாது. அங்கே சரியான தரமுள்ள சாதாரண விலை ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து.

சட்டைப் பையில் இருக்கும் மீட்டர்

அமெரிக்காவில் ராம் பிக்கப்பின் கமின்ஸ் டீசல் இன்ஜினுக்கு மூன்று வரம்புகள் சொல்கிறார்கள்: 24,000 கிலோமீட்டர், அல்லது 500 மணி நேரம், அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது. இந்த முதல் இரண்டையும் வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 48 கிலோமீட்டர். அதாவது சராசரி வேகம் அதற்குக் கீழே இருக்கும் வண்டிக்குத் தூரக் கணக்கு செல்லாது, மணிக் கணக்குதான். நம் ஊர் லோடு வண்டியில் எத்தனை வண்டி சராசரியாக 48 போகும்?

நம் பிக்கப்கள் பலவற்றில் மணிக்கணக்குக் காட்டும் மீட்டர் இல்லை. ஆனால் டீசல் பில் இருக்கிறது. பெரிய டிரக் இன்ஜின்களுக்குக் கமின்ஸ் நிறுவனமே ஆயில் இடைவெளியை வண்டி கொடுக்கும் மைலேஜை வைத்துப் பிரித்துச் சொல்கிறது: மைலேஜ் குறையக் குறைய இடைவெளி குறையும். காரணம் நேரடியானது. ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு டீசல் எரிந்ததோ அவ்வளவு கரி, அவ்வளவு சூடு, அவ்வளவு வேலை. ஓவர்லோடு, மலை ஏற்றம், டிராஃபிக், ஸ்டார்ட்டிங்கில் நிற்பது எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் வந்துவிடுகின்றன.

எனவே நான் சொல்லும் வழி இது. நல்ல சாலையில், அளவான லோடில் உங்கள் மாடல் என்ன மைலேஜ் கொடுக்கும் என்று தெரியும். 14 என்று வைப்போம். உங்கள் வண்டி இப்போது மாதக் கணக்கில் என்ன கொடுக்கிறது என்று பில்லை வைத்துப் பாருங்கள். 9 என்று வைப்போம். கையேடு 10,000 என்றால் 10,000-ஐ 9-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6,400. கையேடு 20,000 என்றால் 12,800. கையேடு ‘கடினமான உபயோகம்’ என்று தனியாக ஒரு சின்ன எண் கொடுத்திருந்தால், இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கல் குவாரி, செங்கல் சூளை, எம்-சாண்ட் லோடு அடிக்கிற வண்டிக்கு இந்தக் கணக்கும் போதாது. அங்கே தூசி தனி எதிரி. ஏர் ஃபில்டரில் ஒரு சின்ன இடுக்கு இருந்தாலும் மண்துகள் உள்ளே போய் ரிங்கையும் லைனரையும் அராவி, ஆயிலில் கலந்து பேரிங்கையும் தின்னும். பேப்பர் ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸரில் வைத்து ஓங்கி ஏர் அடித்துச் சுத்தம் செய்வது அதை ஓட்டையாக்குகிற வேலை.

ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிகளும் உண்டு: கோயில் திருவிழாவுக்கு, தேங்காய் வெட்டுக்கு, வீட்டு விவசாயத்துக்கு மட்டும் வெளியே வருகிறவை. ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டும்.

மாற்றும்போது ஃபில்டரையும் மாற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும். “இந்தத் தடவை ஆயில் மட்டும், அடுத்த தடவை ஃபில்டர்” என்ற வழக்கத்தில் மிச்சமாவது நானூறு ரூபாய். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் ஆயில் இல்லாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அதில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். அது திறந்துகொண்டால் வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்குப் போகும். புது ஆயில் ஊற்றியும் பயனில்லை. இன்ஜின் சூடாக இருக்கும்போது டிரெயின் நட்டைக் கழற்றி முழுவதும் வடியவிட வேண்டும், புது வாஷர் போட வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. வாரன்டி இருக்கும்வரை ஆயில், ஃபில்டர் பில்களைப் பத்திரமாக வைக்க வேண்டும். நாளை இன்ஜினில் பிரச்சினை வந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

போலி ஆயில் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய ஆயிலைத் தெளியவைத்து, நிறம் ஏற்றி, பெயர் பெற்ற பிராண்டின் டப்பாவில் அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது அசல் டப்பா. எனவே பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் வேண்டாம். சீல் உள்ள டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவில் ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்து குத்திவிட்டுக் குப்பையில் போடுங்கள். சந்தை விலையைவிட மிகவும் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள்.

கடைசியாக, வடித்த ஆயில். பெரும்பாலான பட்டறைகளில் அது மூலையில் ஒரு பீப்பாயில் சேரும். கொஞ்சம் சென்ட்ரிங் பலகையில் தடவப் போகும், கொஞ்சம் அடுப்பெரிக்கப் போகும், கொஞ்சம் மழைத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி அது அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போக வேண்டும். 2024 ஏப்ரல் முதல், ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பயன்படுத்திய ஆயிலைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தப் பீப்பாய் எங்கே போகிறது என்று உங்கள் பட்டறையில் கேளுங்கள். கேட்கிறவர்கள் நாலு பேர் ஆனால் பட்டறைக்காரர் சரியான ஆளுக்கு விற்கத் தொடங்குவார்.

அந்த ஆயிலில், எரிதலின் போது உண்டாகும் புற்றுநோய்க் காரணிகளும் தேய்ந்த உலோகமும் கலந்திருக்கின்றன. வெறும் கையோடு டிரெயின் நட்டைக் கழற்றுகிற பையனின் மணிக்கட்டு வரைக்கும் அது வழிகிறது. ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டி. எண்ணெய் புகாத ரப்பர் கையுறை ஒரு ஜோடி கொடுக்கச் சொல்லி, அதையும் உங்கள் பில்லிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.